இடது ஓரத்தில் நின்றவர்

ஒரு நூற்பாலையின் படங்களைச் சேமித்து வைக்கும் மென்பொருளில் கத்தரி ஒன்று இருந்தது. எந்தப் படம் வந்தாலும் ஓரங்களை வெட்டிவிட்டு, நடுப்பகுதியைக் கேட்ட அளவில் கொடுத்துவிடும். ஒரு நொடிக்கு மேல் எடுத்துக்கொண்டதில்லை என்பதில் அதற்குப் பெருமை.

ஆலையின் சமையற்காரர் பேச்சித்தாய் இறந்துபோனார். அவர் இருந்தது ஒரே ஒரு குழுப் படத்தில்தான். அஞ்சலிப் பலகைக்காக அதைக் கேட்டார்கள். கத்தரி வழக்கம்போல வெட்டிக் கொடுத்தது. பேச்சித்தாயின் பெயருக்கு மேலே, உயிரோடிருக்கும் மேலாளர் சிரித்துக்கொண்டிருந்தார்.

மகள் செண்பகம் வெகுநேரம் பார்த்தாள். "இதுல எங்கம்மா எங்க?" என்றாள்.

கத்தரி கூனிக்குறுகி முழுப் படத்திடம் போனது. "அந்த அம்மா உங்ககிட்ட இருக்காங்களா?"

"இடது ஓரத்துல நிக்கிறாங்க. இந்தப் படத்தை நீ இதுவரைக்கும் முப்பது தடவை வெட்டியிருக்கே."

"ஒரு தடவைகூட நான் பார்க்கலையே."

இந்த முறை அது முகத்தைத் தேடிப் பார்த்து, நிதானமாக வெட்டியது. ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி பேச்சித்தாய் வந்தார்.

"அம்மா அப்படியே இருக்காங்க. யார் வெட்டினாங்களோ, அவங்க நல்லா இருக்கணும்" என்றாள் செண்பகம்.

முப்பது தடவை அவரை வெட்டியெறிந்த கத்தரியால் அந்த வாழ்த்தைத்தான் தாங்க முடியவில்லை.