அட்டைப்படத்தில் இருப்பவள்

அட்டையில் அவள்தான் இருந்தாள்.

பத்தொன்பது வயது. மேலே நீட்டிய கை. திறந்த வாய். மடியில் தலை சாய்ந்து ஒருவன்.

உப்பளத் தொழிலாளர் ஊர்வலத்தில் போலீஸ் சுட்ட அன்று எடுத்த படம். பத்திரிகைகளில் அவ்வப்போது வரும். 'பெயர் தெரியாத பெண்' என்று கீழே போட்டிருப்பார்கள்.

அதை இத்தனை வருடம் பொறுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடம், பிள்ளைகள் என்று காலம் போய்விட்டது.

இப்போது அந்தப் படம் ஒரு நாவலின் முகம்.

தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றவள். உட்கார்ந்த இடத்திலேயே படித்து முடித்தாள்.

நாவலில் அவள் பெயர் பூங்கொடி. வானத்தைப் பார்த்து நீதி கேட்டுக் கதறுகிறாள். கடைசி அத்தியாயத்தில் கடலில் இறங்கிவிடுகிறாள்.

மடியில் கிடப்பவன் அவள் காதலன்.

புத்தகத்தை மூடி, அட்டையை மறுபடி பார்த்தாள்.

அவன் அவள் அண்ணன்.

நாவலுக்குப் பாராட்டுக் கூட்டம் நடந்தது. போனாள்.

மேடையில் நாவலாசிரியர். பக்கத்தில், அந்தப் படத்தை எடுத்த புகைப்படக்காரர். வயதாகிவிட்டது. இருவர் தோளிலும் பொன்னாடை.

"வரலாறு மறந்துபோன ஒரு பெண்ணுக்கு நான் குரல் கொடுத்திருக்கேன்" என்றார் நாவலாசிரியர்.

கைதட்டினார்கள்.

அவள் எழுந்து முன்னால் போய், மேடைக்குக் கீழே இருந்த மைக்கை எடுத்தாள்.

"எனக்குக் குரல் இருக்கு. என் பேரு சந்தனமாரி. இந்த அட்டையில இருக்கது நான்தான். மடியில கிடக்கது என் கூடப்பொறந்த அண்ணன். அவனப் போயி எனக்கு..."



நாவலாசிரியர் பதறி எழுந்து கும்பிட்டார். "அம்மா, நீங்க உயிரோட இருக்கீங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. இது புனைவுதானேம்மா. அந்தப் படத்துல இருந்த கதறல்தான் என்னை எழுத வச்சுது."

"கதறலா?"

அவள் புகைப்படக்காரர் பக்கம் திரும்பினாள்.

"சார், நீங்க மதில்மேல நின்னீங்க. நான் உங்களப் பாத்துத்தான் கத்துனேன், வானத்தப் பாத்து இல்ல. என்ன கத்துனேன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் பொன்னாடையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார். பிறகு, தலை நிமிராமல் சொன்னார்.

"உசிரு இருக்கு, கேமராவப் போட்டுட்டு வந்து காலப் பிடிங்க, தூக்கணும்னாங்க."

கூட்டத்திலிருந்து யாரோ கேட்டார்கள். "பிடிச்சீங்களா?"

"பிலிம் இன்னும் மிச்சம் இருந்துச்சு."

அன்று அண்ணனை அவள் தனியாகவே இழுத்துக்கொண்டு போனாள். தார் ரோட்டில் அவன் குதிகால்கள் உரசிக்கொண்டே வந்தன. பெரியாஸ்பத்திரி வாசல் தெரிந்த இடத்தில் அவன் கனம் கூடியது.

இதை யாரும் படம் எடுக்கவில்லை.



மேடையில் நாவலாசிரியர் அழைப்பிதழைத் திருப்பிவைத்து, பின்பக்கத்தில் அவசரமாக எதையோ குறித்துக்கொண்டிருந்தார்.

அவள் மேடையேறிக் குனிந்து பார்த்தாள்.

'பிலிம் இன்னும் மிச்சம் இருந்துச்சு.' அடியில் கோடு. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி.

பிச்சக்கனி என்ற அண்ணனின் பெயர் அதில் இல்லை. இதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை.

அவர் விரல்களுக்கிடையிலிருந்து பேனாவை உருவினாள்.