பீரோவுக்குப் பின்னால் ஒரு செடி

இப்போதெல்லாம் யாரும் பெண் பார்ப்பதில்லை, செடிதான் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை ஆறு மாதம் ஒரு செடியை வளர்க்க வேண்டும். பெண் வீட்டார் வரும்போது அவன் லட்சணத்தைச் செடியே வாய் திறந்து சொல்லிவிடும்.

எமகாதகன் எழிலரசன் வாங்கியது பாம்புக் கற்றாழை. வெயிலும் தண்ணீரும் இல்லாமலே உயிரோடு கிடக்கும் ரகம். பீரோவுக்குப் பின்னால் தள்ளிவிட்டிருந்தவன், இன்று காலையில்தான் ஒட்டடை தட்டி ஹாலுக்குக் கொண்டுவந்தான்.

"உன்னை எப்படிப் பாத்துக்கிட்டாரு?" என்று பெண் வாசுகி செடியிடம் கேட்டாள்.

"ரெண்டு தடவை ஊத்தினாரு. அதுல ஒண்ணு ஆறிப்போன டீ."

எழிலரசன் நெளிந்தான். அவன் அப்பா குமாரசாமி அசரவில்லை. "அதான் சாகலையே! வேற என்னம்மா வேணும்?" என்று சிரித்தார்.

பஜ்ஜித் தட்டோடு நின்றிருந்த அவர் மனைவி தில்லைநாயகி, தட்டை அவர் மடியில் வைத்தாள். செடியைத் தொட்டியோடு தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசுகியிடம் திரும்பினாள்.

"முப்பது வருஷமா நானும்தாம்மா சாகலை. உங்க கார்ல எங்க ரெண்டு பேருக்கும் இடம் இருக்கா?"