நாற்பது எழுத்து

"முதல்லேருந்து படிங்க சார்," என்றாள் அக்கா.

ஸ்பீக்கரில் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

மிமிக்ரிக்குப் பொறுக்கவில்லை. இருபத்திரண்டு எழுத்தை அந்த மனுஷன் மலை ஏறுவது மாதிரி ஏறி முடித்திருந்தார். இருபத்து மூன்றாவதில் "பி... பி..." என்று சிக்கிக்கொண்டார். பாவமாக இருந்ததால், திரையைப் பார்த்து "பி-நாலுதானே சார்?" என்று இவன் எடுத்துக் கொடுத்தான். அவ்வளவுதான். மறுபடியும் ஒன்றாம் எழுத்து.

மிமிக்ரி என்பது ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் அவனுக்கு வைத்த பெயர். மேனேஜர் இருமுவதிலிருந்து லிஃப்ட் கதவு சாத்துவதுவரை எல்லாம் அவன் தொண்டைக்குள் குடியிருந்தன. அக்காதான் அந்த அறைக்கு அதிகாரி.

ஊர்க்கோடியில் தனியாக இருந்த, இதே ஆஸ்பத்திரியின் லேபில் பழைய விபிஎன் பெட்டி செத்துப்போய்ப் புதுசு மாட்டியிருந்தார்கள். அந்தப் பெட்டியும் இங்கிருக்கும் பெட்டியும் பூட்டிய பாதை ஒன்றைப் போட்டுக்கொண்டால்தான் ரிப்போர்ட்டெல்லாம் இந்தப் பக்கம் வரும். பதினோரு மணி ஆபரேஷனுக்கு டாக்டர் ஒரு ரிப்போர்ட்டை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதை திறக்க, லேபில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம் சார் புதுப் பெட்டியின் கைரேகையை, அதாவது அதற்கு மட்டுமே உரிய அடையாளக் குறியை, போனில் படிக்க வேண்டும். எழுத்தும் எண்ணுமாக நாற்பது. பெட்டி அனுப்பித் தன் திரையில் வந்திருப்பதோடு அக்கா அதை ஒத்துப் பார்ப்பாள்.

சிஸ்டம் சாருக்குத் திக்குவாய்.

"மெயில்ல அனுப்பச் சொல்லலாமேக்கா."

"மெயிலும் அதே வழியிலதானே வருது? வழியில ஒருத்தன் உட்கார்ந்திருந்தா அதையும் மாத்திடுவான்."

மேனேஜர் உள்ளே வந்தார். "இன்னுமா? மணி ஒன்பதே கால்."

"இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கோம்," என்றான் மிமிக்ரி, அக்காவைப் பார்க்காமல். "ரெண்டாவது தடவை."

"பெட்டிங்க ரெண்டும் தானா சாவி பேசி முடிச்சுக்கும்னு நீதானே சொன்னே?"

"முடிச்சுக்கும் சார்." மிமிக்ரி கீச்சுக் குரலுக்குத் தாவினான். "'என்கிட்ட ஒரு ரகசிய எண் இருக்கு, சொல்ல மாட்டேன், கலக்கித்தான் அனுப்புவேன்.'" உடனே கட்டைக் குரல். "'எனக்கும் ஒண்ணு இருக்கு. நானும் கலக்கித்தான் அனுப்புவேன்.' கலக்கினதை வச்சு ரெண்டுக்கும் ஒரே சாவி கிடைச்சிடும். சாவி தெருவில கால் வைக்கவே வைக்காது."

"அப்புறம் எதுக்கு இந்தப் பாராயணம்?"

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பேசுறது அந்தப் பெட்டிதான்னு யாருக்குத் தெரியும்? நடுவில ஒருத்தன் புகுந்து இவன்கிட்ட அவனாட்டம், அவன்கிட்ட இவனாட்டம் பேசினா? இதோ, நம்ம பக்கத்துலயே ஒருத்தன் இருக்கானே." மிமிக்ரியைக் காட்டினாள். "தெரிஞ்ச குரல், தன் பெட்டியைப் பார்த்து, தானே படிக்கணும். நாம எடுத்துக் கொடுத்து அவர் 'ஆமா'ன்னு சொன்னா அதுக்குப் பேர் சரிபார்க்கிறது இல்ல. திருடனும்தான் 'ஆமா' சொல்லுவான்."

"அங்க ரிசப்ஷன் பொண்ணு படிச்சா ரெண்டு நிமிஷம்."

"அவர்தான் படிப்பார். சார், நீங்க படிங்க."

"எஃப்... ஏழு... டி... டி... டி..."

மிமிக்ரி பல்லைக் கடித்துக்கொண்டான். இந்தப் பொம்பளைக்கு நெஞ்சில் இருப்பது கல்லா, கான்க்ரீட்டா? விடியாத மூஞ்சியோடு எல்லோரையும் எட்டு மணிக்கே வரவழைத்தது இதற்குத்தானா? மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், இருமினார், உட்கார்ந்தார், எழுந்தார்.

இருபத்து மூன்று வந்தது.

"பி... பி... பி..."

யாரும் வாய் திறக்கவில்லை. அக்கா பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"பி-நாலு."

அதற்கப்புறம் பதினாறு. நாற்பதாவது எழுத்தில் அக்கா ஒரு பொத்தானை அழுத்தினாள். பாதை திறந்தது. ஒன்பது ஐம்பதுக்கு ரிப்போர்ட் டாக்டரின் திரையில் இருந்தது.

"அடுத்த தடவை அந்த ஆளை விட்டுட்டு வேற யாரையாவது படிக்கச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு மேனேஜர் போனார்.

மிமிக்ரி அடக்கிவைத்ததெல்லாம் பொங்கியது. "மேனேஜர் சொன்னதுல என்னக்கா தப்பு? ஒரு மனுஷனை இப்படியா நாலு பேர் முன்னாடி வறுத்தெடுக்கிறது?"

அக்கா ஸ்பீக்கரை அணைத்து ரிசீவரை நீட்டினாள். "இன்னும் லைன்லதான் இருக்கார். அவர்கிட்டயே கேளு."

வாங்கினான். "சார்... சாரி சார். அக்கா கொஞ்சம்..."

"த... தம்பி, காலைல என்னை மாதிரி பேசிக் காட்டினீங்களே, லைன் அப்பவே வந்தாச்சு, கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

மிமிக்ரிக்குக் காது சூடேறியது.

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நீங்க 'சி'ல திக்கினீங்க. இங்கிலீஷ் எழுத்துல நான் 'பி'லயும் 'டி'லயும்தான் மாட்டுவேன். கு... குறிச்சு வச்சுக்குங்க."

"சார், நான்..."

"அக்காவை ஒண்ணும் சொல்லாதீங்க. வேற ஆள் படிக்கட்டுமான்னு அவங்க முதல்லயே கேட்டாங்க. நா... நான்தான் விடல. அதான் எனக்காக எல்லாரையும் ஒரு மணி நேரம் முன்னாடி வரச் சொன்னாங்க."

"ஏன் சார் விடல?"

"பிறந்ததுலேருந்து நான் ஒரு பேச்சை ஆரம்பிச்சா மு... முடிக்கிறது வேற யாராவதுதான். கடைக்காரன், சம்சாரம், பஸ் கண்டக்டர், எல்லாரும். இந்த நாற்பது எழுத்தை மட்டும் யாரும் முடிச்சு வைக்கக் கூடாது தம்பி. ஏன்னா, அதுல அ... அ... அடுத்தது என்னன்னு எ... எ... எ..."

அடுத்த வார்த்தை மிமிக்ரியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ரிசீவரை இறுகப் பிடித்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு காத்திருந்தான்.

"...என் வாய்தான் சொல்லணும்," என்று தானே முடித்தார் சிஸ்டம் சார்.