ஊன்றுகோல் ரப்பர்

மருத்துவத்துக்கு ஒவ்வொரு வீட்டிலும் கைக்காசு எவ்வளவு போகிறது என்று கணக்கெடுக்க மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்துக்குப் போன கலாராணிக்கு ஒரு பதில் மட்டும் பொருந்தவில்லை. அஞ்சலை தனியாக இருந்தாள், நன்றாகவே நடந்தாள். ஆனால் ஊன்றுகோலின் அடியில் மாட்டும் ரப்பருக்கு மாதாமாதம் முந்நூறு ரூபா செலவு என்றாள்.

"யாரு பாவிக்கிறது அக்கா?"

"எங்க வீட்டுக்காரர்."

"அவரு தவறி ரெண்டு வருசம்னு இப்பதானே சொன்னீங்க?"

"ஆமா. ரப்பர் தேயுதே! தேஞ்சா வாங்கத்தானே வேணும்?"

கலாராணி கணக்கெடுப்பு மேற்பார்வையாளரைத் தொலைபேசியில் கேட்டாள். "செத்தவருக்குச் செலவு எழுத ஏலாது. அந்த வரிய விட்டுடுங்க," என்றார் அவர்.

அஞ்சலைக்கு அது கேட்டுவிட்டது. விறுவிறுவென்று உள்ளே போய் ஊன்றுகோலைக் கொண்டுவந்து தலைகீழாகப் பிடித்தாள். "பாருங்க மிஸ், முந்தாநாள்தான் மாட்டுனது. எழுதாம நீங்க இந்தப் படிய விட்டு எறங்கக் கூடாது."

ரப்பர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. அதன் பள்ளத்தில் ஈரச் சேறும் ஒரு தேயிலைக் கொழுந்தும் ஒட்டியிருந்தன. தோட்டத்தில் மழை பெய்து பத்து நாளாகிறது.

"நான் எழுதத்தான் போறேன் சேர்," என்று சொல்லிக் கலாராணி அழைப்பைத் துண்டித்தாள். பாவிப்பவர் என்ற கட்டத்தில், பெயரைக் கேட்டு, லெட்சுமணன் என்று எழுதினாள்.

"வயசு?"

"வர்ற தை மாசத்தோட நாப்பத்தஞ்சு," என்றாள் அஞ்சலை.