மெர்சி எடுத்த போட்டோ

"ஏனுங்க, அந்த நீலச் சட்டைக்காரன் நம்ம பின்னாலயேதான் வாரானுங்க." மெர்சி கணவனின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ரூபன் திரும்பவில்லை. பைக் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினான். மக்கள் மன்றக் கூட்டம் நடக்கும் போத்தனூர் கல்யாண மண்டபத்து வாசலில் அவர்கள் இறங்கியபோது, நீலச் சட்டையும் எதிரே பேக்கரி ஓரமாக வண்டியை நிறுத்தினான்.

மூன்று நாளாகவே இப்படித்தான். ரூபனின் போன் அடிக்கும். எடுத்துக் காதில் வைப்பான், முகம் வெளிறிப்போகும், ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிடுவான். ஆரென்று கேட்டால், "கூட்டத்துல வாயத் தொறந்தா குடும்பமே இருக்காதுன்னு சொல்றாங்க" என்பான்.

மெர்சி பால்வாடி டீச்சர். இரண்டு மாதமாக அவளிடம் வரும் குழந்தைகளின் கையிலும் காலிலும் புண். போர்வெல் தண்ணீரில் ஒரு நெடி. போன வாரம் விடிகாலையில் பால் வாங்கப் போனவள், வாய்க்காலுக்கு அக்கரையில் ஒரு டேங்கர் லாரி நிற்பதைப் பார்த்தாள். அதன் குழாய் வாய்க்காலுக்குள் கிடந்தது. ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டாள்.

அதை மக்கள் மன்றத் தலைவி கோமளாவிடம்தான் முதலில் காட்டினாள். மாதம் ஒரு முறை ஊர் ஜனங்களையும் கவுன்சிலரையும் அதிகாரிகளையும் ஒரே இடத்தில் உட்காரவைத்துப் பேசவைக்கிற மன்றம் அது. "ஊர்ல எல்லாருக்கும் அந்தச் சாயப்பட்டறை மேலதான் சந்தேகம். அதோட மேனேஜரையும் கூப்பிட்டிருக்கேன் அம்மணி. அவர் முன்னாலயே சொல்லுங்க, நாங்க இருக்கோம்" என்றிருந்தார் கோமளா.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல மெர்சி" என்றான் ரூபன், வாசற்படியில் நின்று. "ஊட்டுக்குப் போயிரலாம். எனக்கும் வெள்ளன எந்திரிச்சு சரவணம்பட்டிக்குத் தண்ணி லோடு ஓட்டோணும்."

"அந்தப் புள்ளைங்க கையப் பாத்துட்டு எப்படிங்க போறது?"

ரூபன் பைக்கைப் பூட்டினான். அவளுக்குப் பின்னால் உள்ளே வந்தான்.

நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். மேடை மேசையில் கோமளா, கவுன்சிலர், சுற்றுச்சூழல் அதிகாரி, சாயப்பட்டறை மேனேஜர் அரங்கசாமி. கடைசி வரிசையில் நீலச் சட்டை வந்து உட்கார்ந்ததை மெர்சி பார்த்தாள். அவன் கண் இவர்கள் இருந்த பக்கத்தைவிட்டு நகரவே இல்லை.

பெயரைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்தபோது சொந்தக் குரலே அவளுக்கு அந்நியமாகக் கேட்டது. எப்படியோ சொல்லி முடித்தாள். திரையில் போட்டோ வந்தது. பனிமூட்டம், டேங்கர், குழாய். நெம்பர் பிளேட்டில் சேறு அப்பியிருந்தது.

"வாய்க்கால் தண்ணிய நாங்களும் டெஸ்ட் பண்ணிட்டோம்மா. சாயக்கழிவு இருக்குது" என்றார் அதிகாரி. "ஆனா எந்தப் பட்டறையில இருந்து வந்துச்சுன்னு சொல்றதுக்கு ஒரு சாட்சி வேணும். இந்தப் போட்டோ மட்டும் பத்தாது."

அரங்கசாமி சிரித்தார். "ஆரோ, எந்த ஊரு லாரியோ! நெம்பர் இல்ல, டிரைவர் மூஞ்சி இல்ல. நல்லா நடக்கற கம்பெனி மேல இப்படிப் பொய்ப்புகார் சொன்னா கேஸ் போடுவோமுங்க. டீச்சரம்மாவோட வேலையும் போயிரும், ஜெயிலுக்கும் போகோணும். பாத்துக்குங்க."

"வேற ஆராச்சும் பாத்தீங்களா?" கோமளா கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "பாத்திருந்தா தைரியமாச் சொல்லுங்க."

ஒருவரும் எழவில்லை. காலையில் 'நானும் பேசறேன் டீச்சர்' என்று சொன்ன, பால்வாடிக்கு வரும் நித்யஸ்ரீயின் அம்மாகூட, குழந்தையின் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

மெர்சி இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். வேலை போய்விடும். ஜெயில். வெளியே இறங்கினால் அந்த ஆள். கணவனின் கையைத் தேடிப் பிடித்தாள். அது அவள் கையைவிடச் சில்லிட்டுக் கிடந்தது.

ரூபன் எழுந்தான்.

அதே நொடியில் பின்னால் நாற்காலி நகரும் சத்தம். நீலச் சட்டை நடைவழியில் வேகமாக வந்துகொண்டிருந்தான்.

"ஏனுங்க, வேண்டாமுங்க, உக்காருங்க!" அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "எனக்காக அவனோட சண்டைக்குப் போகாதீங்க."

ரூபன் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினான். நீலச் சட்டை அவன் முழங்கையைப் பிடித்தான்.

"ரூபா, யோசிச்சுக்க. அப்புறம் வருத்தப்படுவே."

மெர்சியும் எழுந்துவிட்டாள். இவனுக்கு எப்படிப் பெயர் தெரிந்தது?

ரூபன் கையை உதறிக்கொண்டு மைக் முன்னால் போய் நின்றான். மேசையில் இருந்தவர்களைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தான்.

"அந்த டேங்கர ஓட்டுனது நாந்தானுங்க."