இடப்பக்கம் சாயும் விமானம்

கிட்வே நகரத்துக்கு வெளியே, எரிந்து கருகிய புல்வெளியின்மேல் மாலை வெயில் செம்பு நிறத்தில் கிடக்கிறது. போன மழைக்காலத்தில் இறந்துபோன அண்ணன் கபெம்ப்வா கட்டிய சின்ன விமானத்தை, தம்பி ம்விலா ரிமோட்டால் பறக்கவிடுகிறான். பசை காய்வதற்குள் அண்ணன் அவசரப்பட்டுத் தூக்கியதில் அதன் இடது இறக்கை முறுக்கிக்கொண்டது; அதனால் விமானம் எப்போதும் இடப்பக்கமே இழுத்துக்கொண்டிருந்தது. இப்போது ம்விலா அந்த இறக்கையைப் பிரித்து, கண்ணாடிமேல் கிடத்திப் பாரம் ஏற்றி, நிதானமாகக் காயவைத்து ஒட்டியிருக்கிறான். "பாருங்க அண்ணி, கோடு கிழிச்ச மாதிரி போகுது!" அண்ணி சோலா நெற்றியில் கைவைத்து அண்ணாந்து பார்க்கிறாள். ரீங்காரம் தலைக்கு மேல் கடக்கிறது. "நல்லாத்தான் போகுது தம்பி. அது சாயுறப்போ அவரும் திட்டிக்கிட்டே கூடச் சாய்வாரு." ம்விலா கட்டைவிரலால் ரிமோட்டின் குச்சியை மெல்ல இடப்பக்கம் தள்ளுகிறான். விமானம் சாய்கிறது. சோலாவின் தோளும் கூடவே சாய்கிறது.