சோயா படாத கோழி

மூன்றாவது கோழி உருண்டையும் யஸ்வந்தின் வாய்க்குள் போனது. கண்ணை மூடி நிதானமாக மென்றான். எதிரே நின்ற வரதராஜனுக்கு முதுகில் வியர்வை வழிந்தது.

தெலுங்குக்காரனான யஸ்வந்த், ஆந்திர எல்லையில் இருக்கும் ஸ்ரீசிட்டியில் தொழிற்சாலை கேன்டீன்களுக்குக் கறி வாங்குகிறவன். சோயா தின்ற கோழியில் ஒரு வாடை வரும், அது வேண்டவே வேண்டாம் என்பது அவன் முதலாளியின் பிடிவாதம். வெதுருகுப்பத்தில் வரதராஜன் தன் பிராய்லர் கோழிகளுக்குச் சோயாவே போடுவதில்லை. கடலைப் புண்ணாக்கு, சூரியகாந்திப் புண்ணாக்கு, அகத்தி இலைப் பொடி, அவ்வளவுதான். இந்த ஆர்டரும் நழுவினால் பண்ணையைப் பூட்டிவிட்டு, அதே ஸ்ரீசிட்டியில் வாட்ச்மேன் வேலைக்குப் போக வேண்டும்.

"இன்னா சார், மென்னுக்கினே கீறீங்க. ஒண்ணும் சொல்ல மாட்றீங்களே?"

"இருங்கண்ணா. சோயான்னா என் நாக்கு உடனே காட்டிக் கொடுத்துடும். எத்தனை பண்ணையை இந்த நாக்கு விரட்டியிருக்கு தெரியுமா?" யஸ்வந்த் தட்டை நீட்டினான். "நீங்களும் ஒண்ணு எடுங்க."

"ஐயோ, பொரட்டாசி சனிக்கெழம சார். நாங்க துன்ன மாட்டோம்."

"நமக்கு அதெல்லாம் லேதண்ணா!"

சமையலறை வாசலிலிருந்து வரதராஜனின் மனைவி ருக்மணி எட்டிப் பார்த்தாள். "காரம் தூக்கலா கீதா சார்?"

"காரம்தான்மா ருசியே!"

தட்டு காலியானது. யஸ்வந்த் விரலை நக்கிக்கொண்டு எழுந்தான். "பாகுந்தண்ணா! சோயா வாடை துளி இல்ல. திங்கக்கெழமை வண்டி அனுப்பறேன். உங்க மொத்தக் கோழியும் எனக்குத்தான்."

அவன் பைக் கண்ணுக்கு மறையும்வரை வரதராஜன் கும்பிட்ட கையை இறக்கவில்லை. பிறகு உள்ளே ஓடினான்.

"ருக்கு! காலைல நான் புட்ச்சி குடுத்த கோழி நம்மள காப்பாத்திட்சி பாத்தியா!"

"அது பின்னால கூடைக்குள்ள கீது. கால் கட்டை அவுத்து வுட்டுட்டேன்."

"அறுக்கலியா?"

"பொரட்டாசி சனிக்கெழம எவ கோழி அறுப்பா? நீ வாயில வெக்க மாட்ட, நான் மட்டும் கத்தி எடுக்கணுமா? உங்கிட்ட சொன்னா குதிப்ப. அதான் கடையில வாங்கி ஊறவெச்சி, அரைச்சி, மசாலா போட்டு உருட்டிட்டேன்."

"கடையில இன்னாத்த வாங்கின?"

"சோயாதான்யா!"